ஒடுங்க வேண்டியவர் யார்?

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்திலே பணியாற்றும் என் மருமகள் ஒருத்தி, சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டு வந்தாள். அவளுடைய பிள்ளைக்கு எட்டு மாதம். நிறுவனமோ தன் ஊழியர்கள் அனைவரையும் சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் கித்துல்கலவுக்கு அழைத்துச் செல்கிறது. 'குழு ஒற்றுமைக்கான ரிட்ரீட்' என்று மின்னஞ்சலிலே பெயர் சூட்டியிருந்தார்கள். வருகை கட்டாயம். குடும்பத்தவரை அழைத்துவர அனுமதியில்லை. வர இயலாதோர் தத்தம் பிரிவுத் தலைவரிடம் எழுத்திலே காரணம் காட்ட வேண்டும். முப்பது வருடங்களாக எழுதியே பிழைக்கும் மாமனிடம் காரணம் எழுதித் தரக் கேட்டு வந்ததிலே பிழையில்லை. எழுதிக் கொடுத்தேன். பால்குடிக் குழந்தை என்ற சொல்லே போதுமென்று நினைத்திருந்தேன். அவளுடைய நிலையைத் தாங்கள் விளங்கிக்கொள்வதாகவும், ஆயினும் அவள் வந்தால் மிகவும் மகிழ்வதாகவும் பதில் வந்தது. அலுவலகங்களிலே வேலை செய்தவர்களுக்கு அந்த 'மகிழ்ச்சி'யின் பொருள் தெரியும். போனாள்.

திரும்பி வந்தவளிடம் என்ன நடந்ததென்று கேட்டேன். களனி கங்கையிலே இறப்பர்ப் படகு விட்டார்களாம். கயிறு இழுத்தார்களாம். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்புறமாகச் சாய, சக ஊழியர்கள் தாங்கிப் பிடித்தார்களாம், நம்பிக்கையை வளர்ப்பதற்கு. இரவு இசையும் மதுவும். ஞாயிறு காலை 'மனந்திறந்து பேசும்' ஒரு மணித்தியாலம். அதிலே முகாமைத்துவப் பணிப்பாளர் ஐம்பது நிமிடம் மனந்திறந்தாராம்.

இந்த ரிட்ரீட் என்னும் சொல்லைப் பற்றித்தான் முதலிலே சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது கத்தோலிக்க மக்கள் இதற்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல்லை வைத்திருந்தார்கள்: ஞான ஒடுக்கம். இப்போது தியானம் என்றே பெரும்பாலும் வழங்குகிறார்கள். நான் படித்த பாடசாலையிலே வருடத்துக்கு ஒரு முறை மூன்று நாட்கள் பெரிய வகுப்பு மாணவரை ஒடுக்கத்துக்கு அனுப்புவார்கள். பேசக்கூடாது. சாப்பாட்டு மேசையிலே சம்பலைத் தள்ளும்படி கேட்பதானாலும் சைகைதான். பதினாறு வயதுப் பையன்களுக்கு அது எத்தகைய தண்டனை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். ஆயினும் அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒடுங்குதல் தன்வினை. ஒடுக்குதல் பிறவினை. தமிழாசிரியர் கரும்பலகையிலே எழுதிக் காட்டிய இந்தச் சிறு வேறுபாட்டை, அலுவலகங்களும் குடும்பங்களும் நடத்துகிற ஒடுக்கங்களிலே எவரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் வழக்கு.

பழைய ஒடுக்கங்களிலே யார் ஒடுங்கினார் என்று பாருங்கள். புனித இஞ்ஞாசியாரின் 'ஞானப் பயிற்சிகள்' என்ற நூலுக்குப் பாப்பரசர் மூன்றாம் பவுல் 1548இல் அங்கீகாரம் வழங்கினார். முழுமையாகச் செய்தால் ஏறத்தாழ முப்பது நாட்கள் செல்லும் பயிற்சி அது. அதை நடத்துகிற குருவானவருக்கு இஞ்ஞாசியார் விதித்த கட்டுப்பாடு விசித்திரமானது. ஒடுக்கத்திலே இருப்பவரை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று அவர் தூண்டக்கூடாது. இறைவனுக்கும் அந்த மனிதனுக்கும் இடையிலே தராசு முள் போல நடுவிலே நிற்க வேண்டும். அதிகாரம் உள்ளவரின் வாயைக் கட்டிப்போட்ட பிறகுதான் ஒடுக்கமே தொடங்குகிறது.

நமது நாட்டுப் பௌத்த மரபு இதைவிட ஒரு படி மேலே போகிறது. எசல போயாவை அடுத்து, மழைக்காலத்தின் மூன்று மாதங்களைப் பிக்குகள் ஓரிடத்திலே தங்கி வஸ் இருப்பார்கள். இது எல்லோரும் அறிந்ததே. அந்தத் தவணை முடிகிற நாளிலே நடக்க வேண்டிய பவாரணை என்னும் சடங்கைப் பற்றித்தான் தமிழர்கள் அதிகம் அறியோம். மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்குள் மனக்கசப்பு இல்லாமலா இருக்கும்? விநய பிடகத்து மகாவக்கம் அதற்கொரு முறையை வகுத்திருக்கிறது. சபையிலே மூத்த பிக்கு முதலிலே குந்தியிருந்து, கைகூப்பி, தன்னிடத்திலே குற்றமெதையும் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகித்திருந்தாலோ இரங்கி எடுத்துச் சொல்லும்படி சங்கத்தை மூன்று முறை வேண்ட வேண்டும். இளையவர்களின் முறை அதன் பின்னர்தான் வரும். புத்தரே தம் சீடர்களின் நடுவிலிருந்து, தம் செயலிலோ சொல்லிலோ கண்டிக்கத்தக்கது ஏதும் உண்டா என்று கேட்டதைச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. ஒன்றுமில்லை என்று சாரிபுத்தர் எழுந்து பதில் சொன்னார் என்பது வேறு விடயம். அவர் கேட்டார்.

வஸ் முடிந்து வருகிற கட்டின பிங்கமவுக்கு நமது கொம்பனிகள் தாராளமாகக் கொடுக்கின்றன. கட்டின ஊர்வலத்திலே வெள்ளை உடுத்து முன்னே நடக்கிற பணிப்பாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களிலே ஒருவராவது தம் ஊழியர்களின் முன்னே குந்தியிருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அலுவலக ரிட்ரீட் மடத்திலிருந்து வரவில்லை, அமெரிக்காவிலிருந்து வந்தது என்று மனிதவளப் பிரிவுக்காரர் சொல்லக்கூடும். நல்லது, அங்கேயே போவோம். 1946ஆம் ஆண்டுக் கோடையிலே கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகர ஆசிரியர் கல்லூரியிலே ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. இனப் பாகுபாட்டை எதிர்கொள்வதற்கு ஆசிரியர்களையும் சமூகசேவையாளர்களையும் பழக்குவது அதன் நோக்கம். நடத்தியவர் கேர்ட் லெவின். நாற்சிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூத உளவியலாளர். பகலிலே பயிற்சி, மாலையிலே லெவினும் அவருடைய உதவியாளர்களும் தனியே கூடி, பகலிலே யார் எப்படி நடந்துகொண்டார் என்று அலசுவார்கள். ஒரு நாள் பயிற்சிக்கு வந்தவர்களிலே சிலர், தாங்களும் இருந்து கேட்கலாமா என்றார்கள். உதவியாளர்கள் தயங்கினார்கள், லெவின் இருக்கவிட்டார். தன்னைப் பற்றி வாசிக்கப்பட்ட குறிப்பைக் கேட்ட ஒரு பெண்மணி, நடந்தது அப்படியல்ல என்று மறுத்தார். வாதம் பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்த மாலைகளிலே மற்றவர்களும் வந்துவிட்டார்கள். இன்றைக்கு ஒவ்வொரு ரிட்ரீட்டிலும் 'ஃபீட்பாக்' என்று மந்திரம் போல உச்சரிக்கிறார்களே, குழுப் பயிற்சிகளிலே அந்த வழக்கத்தின் பிறப்பிடம் அந்த அறைதான். லெவின் 1947 பெப்ரவரியில் காலமானார். அந்தக் கோடையிலே அவருடைய மாணாக்கர்கள் மேய்ன் மாநிலத்துப் பெத்தல் என்ற சிற்றூரிலே ஊருக்கு ஒதுங்கிய பயிற்சி முகாமைத் தொடங்கினார்கள். குழுப் பயிற்சிகள் என்று நாம் இன்று காணும் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

ஆக, அமெரிக்க மூலத்திலும் மேலே இருந்தவர் கதவைத் திறந்தார். கீழே இருந்தவர்கள் உள்ளே வந்து மறுத்துப் பேசினார்கள். நாம் இறக்குமதி செய்ததோ கயிற்றையும் படகையும் மட்டும்.

நான் தூரத்திலிருந்து எழுதவில்லை. 2007ஆம் ஆண்டு, அப்போது நான் பணியாற்றிய பத்திரிகையின் நிர்வாகம் ஆசிரியபீடத்தவர், ஒப்புநோக்காளர், பக்க வடிவமைப்பாளர் எல்லோரையும் தென்கரையிலே ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோனது. (பெயர் வேண்டாம். அறிந்தவர்கள் அறிவார்கள்.) அந்த வருடம் கொழும்புத் தமிழர்களுக்கு எத்தகைய வருடம் என்று நினைவூட்ட வேண்டியதில்லை. ஜூன் மாதத்திலே விடுதிகளிலே தங்கியிருந்தவர்களை விடியற்காலையிலே எழுப்பிப் பஸ்களிலே ஏற்றி நகரை விட்டு அனுப்பிய வருடம். சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கம் முடிய இரவு ஒரு மணியாகும்.

இரண்டாம் நாள் கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். வட்டத்துக்கு முனையில்லை, இங்கே எல்லோரும் சமம் என்றார் வளவாளர். பணிப்பாளரின் கதிரைக்கு மட்டும் கைப்பிடி இருந்தது. இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்றும் வளவாளர் உறுதி கூறினார். ஐம்பதைக் கடந்த ஒப்புநோக்காளர் ஒருவர் அதை நம்பி எழுந்தார். முப்பது வருடம் பிறருடைய பிழைகளைத் திருத்தியவர், அளந்துதான் பேசுவார். இரவு ஒரு மணிக்கு வேலை முடித்து வெளிக்கிடுகிற பெடியன்களிலே பாதிப்பேருடைய அடையாள அட்டையிலே வடக்கு முகவரி இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்குப் போவதற்குள் இரண்டு இடத்திலே மறிக்கிறார்கள். போன மாதம் ஒரு பயிலுநரை விடியும்வரை வைத்திருந்தார்கள், காரியாலயத்திலிருந்து ஒருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போகவில்லை. சாரதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கொடுக்க மனமில்லாமல் கொம்பனி வான் முற்றத்திலே நிற்கிறது. இவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. நல்ல கருத்து என்று பணிப்பாளர் குறிப்பேட்டிலே எழுதிக்கொண்டார்.

ஆறு வாரங்களிலே அவருக்கு இடமாற்றம் வந்தது. வயதைக் கருத்திற்கொண்டு பகல் வேலை. பழைய பத்திரிகைகளைக் கட்டி அடுக்குகிற பிரிவு. இரவுக் கொடுப்பனவு நின்றுபோயிற்று. அவருடைய மகள் அப்போது பல்கலைக்கழகத்திலே முதலாம் வருடம். வான், அடுத்த வருடம் ஓடத் தொடங்கியது. அவர் கேட்டதால்தான் வந்தது என்று எவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு அந்த வட்டத்திலே அவருக்கு அடுத்த கதிரையிலே இருந்தவன் நான். 'ஐயா சொல்வது உண்மை' என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். பதவி உயர்வு கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது, சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. நிர்வாகத்தை மட்டும் குற்றஞ்சாட்டி எழுத எனக்குள்ள உரிமை எவ்வளவு என்பதை வாசகர்கள் தீர்மானிக்கலாம்.

ஒற்றுமை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அதோடு போயா விடுமுறை. காலையிலே கடல் வந்தது என்ற செய்தி பரவியதும் யாரும் எவரையும் அழைக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆசிரியபீடத்திலே கதிரை போதாமற்போயிற்று. மட்டக்களப்பிலே தன் வீட்டாரைத் தொலைபேசியிலே பிடிக்க முடியாத ஒருவர் அழுதுகொண்டே செய்தி எடுத்தார். பக்கத்திலிருந்தவர் அவருடைய இலக்கத்தைத் தன் தொலைபேசியிலே விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். விளம்பரப் பிரிவிலே இருந்தவர்கள் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். குழு என்றால் என்னவென்று நான் அறிந்தது அன்றைக்கு. கண்ணைக் கட்டிக்கொண்டு சாய்ந்து பார்க்க வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்து, வாரத்திலே ஒன்றரை நாள் விடுமுறையையும் உறுதிசெய்திருக்கிறது. அந்த ஒன்றரை நாளைத் தொழிலாளி எவரும் பரிசாகப் பெறவில்லை. ரிட்ரீட் வேலை என்றால் அதை வேலை நாளிலே வையுங்கள். விடுமுறையிலே வைத்தால் மேலதிக நேரம் கொடுங்கள். உல்லாசம் என்றால் வர விரும்பாதவரை வீட்டிலே இருக்க விடுங்கள். வேலைக்குரிய கட்டாயமும் உல்லாசத்துக்குரிய சம்பளமுமாக இரண்டையும் குழைத்து ஊட்டுவது எந்த ஊர் நியாயம்?

குடும்பத்துக்கு வருவோம். அலுவலகத்தின் இந்த நோய் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஸ்டீபன் கோவி என்ற அமெரிக்க எழுத்தாளர், முகாமையாளர்களுக்கு ஏழு பழக்கங்களை 1989இல் போதித்து, 1997இல் அதே ஏழையும் குடும்பங்களுக்கென்று இன்னொரு நூலாக்கினார். நிறுவனத்துக்குப் போலவே குடும்பத்துக்கும் ஓர் இலட்சிய வாசகத்தைக் கூடி எழுத வேண்டும் என்றார். எல்லோரும் சேர்ந்து எழுத வேண்டும், பிள்ளைகளையும் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னதை நம்மவர்கள் வாசித்ததாகத் தெரியவில்லை. வாசகம் எழுதும் பேனா அப்பாவின் கையிலேதான் இருக்கிறது.

முன்னர் நாங்கள் ஒதுங்கிய விதம் வேறு. மடுவிலே ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், மரங்களின் கீழே கூடாரமடித்து நாட்கணக்கிலே தங்குவோம். சைவர்களும் வருவார்கள், சிங்களவரும் வருவார்கள். நிகழ்ச்சி நிரல் என்று எதுவும் கிடையாது. பேச்சை நிறுத்தியிருந்த பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வாளியிலே தண்ணீர் அள்ளப் போய்ப் பேசத் தொடங்கியது அங்கேதான். யுத்தம் அந்தக் காட்டையும் விட்டுவைக்கவில்லை. குடும்பங்களும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று சிதறின. இன்று ஒரு தாயின் பிள்ளைகள் ஒன்றாகச் சந்திப்பது செத்தவீட்டிலும் கலியாணவீட்டிலும் மட்டுமே. ஆகவே மூன்று நாள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறார்கள் என்றால் அதை நான் பழிக்க மாட்டேன். வேறு எந்தச் சமூகத்தையும்விட நமக்கு அது தேவை. கூடிய பின்னர் நடப்பதைத்தான் சொல்கிறேன். ஒரே நிறத்திலே அச்சடித்த ரீசேட். காலை ஏழரைக்கு யோகாசனம். பத்து மணிக்குக் குடும்ப வரலாறு, திரையிலே படங்களோடு. மூத்தவர் பேசுவார். அப்புறமும் மூத்தவரே பேசுவார். ஜேர்மன் பேசும் பேரனும் பிரெஞ்சு பேசும் பேத்தியும் பின்வரிசையிலே கையால் சைகை காட்டி விளையாடிக்கொண்டிருப்பார்கள். உண்மையான ஒன்றுகூடல் அந்தப் பின்வரிசையிலேதான் நடக்கிறது.

2018 டிசம்பரிலே நாங்களும் நுவரெலியாவிலே ஒரு வீடெடுத்துக் கூடினோம். பத்தொன்பது பேர். நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தவன் நானே. தட்டச்சிட்டு, பிரதியெடுத்து, ஒவ்வோர் அறைக் கதவிலும் ஒட்டினேன். இரண்டாம் நாள் பத்து மணி: 'அம்மாவின் எதிர்காலம், கலந்துரையாடல்'. அம்மாவுக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. ஊரிலே அவவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் தங்கை. சகோதரர் மூவரும் முன்னறையிலே இருந்து, வீட்டை விற்பதா, அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுவருவதா, ஆளுக்கு எவ்வளவு அனுப்புவது என்று கணக்குப் போட்டோம். முக்கால் மணித்தியாலம் கழித்து, தேநீர்த் தட்டோடு தங்கை வாசலிலே வந்து நின்றாள்.

"என்னைப் பற்றித்தானே கதைக்கிறியள்?"

"ஓம். வந்து இரன்."

"தொடங்கேக்கையே கூப்பிட்டிருக்கலாமே, அண்ணா."

"நீ குசினியிலை வேலையா இருந்தாய்."

"அந்த வேலையைத்தானே பதினொரு வருசமாச் செய்யிறன்."

நியூ பிரிட்டனிலே அந்தப் பெண்மணி எழுந்து மறுத்ததை அப்போது நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் அழகாயிருக்கும், பொய்யாயும் இருக்கும். அந்தக் கதையை நான் வாசித்தது பிறகு. அன்று நான் நினைத்தது, தேநீர் ஆறுகிறதே என்பதைத்தான். தங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டு இருந்தாள். நாற்பது நிமிடம் பேசினாள். இரவிலே அம்மா நான்கு முறை எழும்புவதைச் சொன்னாள். வெளி மாவட்டத்திலே கிடைத்த அதிபர் பதவியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். எங்களிலே ஒருவருக்கும் அது தெரியாது. பணம் அவள் கேட்கவில்லை. வருடத்திலே இரண்டு மாதம், ஆண்பிள்ளைகள் முறைவைத்து வந்து அம்மாவோடு இருக்க வேண்டும், அந்த நாட்களிலே தான் எங்கேயாவது போய் நித்திரை கொள்ள வேண்டும் என்றாள். மூவரும் ஒப்புக்கொண்டோம். மறு வருடம் லண்டன் தம்பி வந்து ஒரு மாதம் நின்றான். நான் பன்னிரண்டு நாள் நின்றேன். பத்திரிகையிலே தேர்தல் வேலை என்று திரும்பிவிட்டேன். 2020இலே கொரோனா வந்தது. 2021இலே அம்மா போய்விட்டா.

ஆகவே கூட்டம் கூட்டுகிற பணிப்பாளர்களுக்கும் தகப்பன்மாருக்கும் நான் கேட்பது பெரிய காரியமொன்றுமில்லை. கூட்டியவர் முதல் நாள் பேசாதிருக்கட்டும். தன்னைப் பற்றிய குறையைத் தானே முதலிலே கேட்கட்டும்; மூன்று முறை கேட்கட்டும், ஏனெனில் முதல் இரண்டு முறையும் எவரும் வாய் திறக்கப்போவதில்லை. கேட்டதற்கு இத்தனையாம் திகதிக்குள் பதில் என்று எழுத்திலே கொடுக்கட்டும். பேசியவர் அடுத்த வருடமும் அதே கதிரையிலே, அதே சம்பளத்திலே இருக்கிறாரா என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சமையலுக்கு ஆள் வைக்க வசதியில்லாத குடும்பம், கூட்டத்தைக் குசினியிலே வைக்கட்டும். இதற்கு உடன்படாதவர்கள் தாராளமாகச் சுற்றுலா போகலாம். கித்துல்கல அழகான இடம். 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக ஆற்றின் மேலே பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்த இடத்தையும் பார்த்து வரலாம்.

வருகிற டிசம்பரிலே மறுபடியும் கூடுவதென்று குடும்பத்திலே பேச்சு நடக்கிறது. இம்முறை கூட்டுபவள் தங்கை. நிகழ்ச்சி நிரல் ஏதாவது உண்டா என்று தொலைபேசியிலே கேட்டேன். காலையிலே புட்டுக்குத் தேங்காய் துருவ வேண்டும், அது உங்கடை வேலை என்றாள். மிச்சத்தை வந்து பார்க்கலாமாம்.